ஹேண்டில் படுத்தே இருந்தது, ஆனாலும் ஃபோர்க் கழன்றுவிட்டது: லோடர் குயிக் அட்டாச் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செங்குன்றம் டெப்போ

வணக்கம். செங்குன்றத்தில் அப்பா காலத்திலிருந்தே எம் சாண்ட், செங்கல், சிமெண்ட் டெப்போ நடத்துகிறோம். 50 எச்பி டிராக்டர், முன்னால் லோடர். போன வருஷம் வரைக்கும் பக்கெட்டை நேரடியாக இரும்புப் பின் அடித்துத்தான் மாட்டியிருந்தோம். கழற்ற வேண்டுமென்றால் கடப்பாரை, சம்மட்டி, இரண்டு ஆள், பாதி நாள் என்று ஆகும், அதனால் யாரும் கழற்றவே மாட்டார்கள், சிமெண்ட் மூட்டை எல்லாம் ஆள் தலையில்தான் போகும். அப்புறம் குயிக் அட்டாச் பிளேட் ஒன்று, அதாவது பக்கெட், ஃபோர்க் எதையும் சீக்கிரம் மாட்டிக் கழற்றுகிற தகடு, செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தது. ஸ்கிட் ஸ்டியர் என்கிற குட்டி லோடர் வண்டிகளில் இருக்குமே, மேலே சாய்ந்த விளிம்பு, கீழே இரண்டு ஆப்பு பின், இடது பக்கம் ஒரு ஹேண்டில் வலது பக்கம் ஒரு ஹேண்டில், அந்த வகை. அதோடு சேர்ந்தே ஒரு பக்கெட் வந்தது. ஃபோர்க்குக்கு (சுமைக்கு அடியில் கொடுத்துத் தூக்குகிற இரண்டு இரும்பு நாக்கு) மட்டும் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஃபிரேம் ஒன்றை வாங்கி, பக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து அதே மாதிரி தகடு வைத்து ஒரு பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கினேன்.

நான்கு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலை, கோடவுனிலிருந்து முன் ஷெட்டுக்கு சிமெண்ட் மாற்றிக்கொண்டிருந்தோம். பேலட் என்கிற மரத் தட்டு ஒன்றில் 12 மூட்டை, அதாவது 600 கிலோ. மூன்று நடை ஒழுங்காகப் போனது. நான்காவது நடையில் ஷெட்டுக்குள் இறக்கும்போது, தரையிலிருந்து அரை அடி கூட இருக்காது, ஃபோர்க்கின் நுனி தரையில் பட்டது, டக் என்று ஒரு சத்தம், ஃபிரேமின் இடது பக்கம் கதவு திறப்பதுபோலப் பிளேட்டை விட்டு விலகி, பேலட் சரிந்து, நான்கு மூட்டை கிழிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பையன் தாவி ஒதுங்கினான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு முழுக்கக் கை நடுங்கியது.

எனக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், இறங்கிப் போய்ப் பார்த்தபோது இரண்டு ஹேண்டிலும் லாக் நிலையில் நன்றாகப் படுத்தே இருந்தது. 600 கிலோவோடு மேடு பள்ளத்தில் மூன்று நடை போனபோது கழலாதது, இறக்கி வைக்கிற நேரத்தில் ஏன் கழல வேண்டும்? பக்கெட் மாட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை. "பழையபடி பின் அடித்துவிடு, இந்த வேலையே வேண்டாம்" என்கிறார் அப்பா.

வடசென்னை லேத்

முதலில் பையனுக்கு ஒன்றும் ஆகாததற்கு சந்தோஷம். மூட்டை போனால் போகட்டும்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கீழ்ப் பின் மாட்டாமலே மூன்று நடை சுமை போகும், ஏனென்றால் ஃபிரேம் மேல் விளிம்பில் தொங்குகிறது, ஃபோர்க்கின் மேல் எடை ஏற ஏற அந்த எடையே ஃபிரேமின் அடிப்பாகத்தைப் பிளேட்டோடு சேர்த்து அழுத்தும். சுவரில் ஆணியில் மாட்டிய காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒட்டாவிட்டாலும் சுவரோடு படிந்துதானே கிடக்கிறது. நுனி தரையில் பட்டதும் கதை தலைகீழாகிவிடும். தரை ஃபோர்க்கின் மூக்கை மேலே தள்ளும், ஃபிரேம் மேல் விளிம்பைக் கீலாக வைத்து அடிப்பக்கம் முன்னால் திறக்கும். அந்த நொடியில் பிடித்து வைக்கவேண்டியது கீழ்ப் பின் ஒன்றுதான். வலது பின் பிடித்தது, இடது பின் பிடிக்கவில்லை, அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் கதவு மாதிரி திறந்தது. ஆக, அந்தப் பின் அன்றைக்கு முதல் நடையிலிருந்தே மாட்டவில்லை என்பதுதான் என் கணிப்பு. நான்கு மாதமாகவே சில நாள் மாட்டியும் சில நாள் மாட்டாமலும் ஓடியிருக்கலாம்.

ஹேண்டில் படுத்திருந்ததை சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹேண்டிலுக்கும் ஆப்புக்கும் நடுவில் ஸ்பிரிங் இருக்கிறது. தேய்மானத்தை ஈடுகட்ட, ஆப்பு எப்போதும் கீழ்நோக்கி இறுகிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதற்காக வைத்தது. ஆனால் ஆப்பு, ஃபிரேமின் அடித் தகட்டில் இருக்கிற துளைக்குள் போகாமல் தகட்டின் மேல் முட்டிக்கொண்டு நின்றாலும் ஸ்பிரிங் அமுங்கிக் கொடுத்துவிடும், ஹேண்டில் பாட்டுக்குப் படுத்துக்கொள்ளும். இன்னொரு வகையும் உண்டு: ஃபிரேமின் அடி பிளேட்டோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி இருந்தால் பின் துளையில் இறங்காமல் துளைக்குப் பின்னால் காலி இடத்தில் இறங்கிவிடும். அப்போது ஹேண்டில் முழுசாகவே போகும், கைக்கு வித்தியாசமே தெரியாது.

இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஃபோர்க்கை மாட்டி, லாக் போட்டு, ஃபிரேமின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் வைத்து, அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், அடியில் போய்ப் படுக்கவேண்டாம். இரண்டு பக்கமும் பின் நுனி துளையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறதா? அப்புறம் ஃபிரேமைக் கழற்றி, பின்பக்கத் தகட்டில் நேரான ஆங்கிள் ஒன்றைக் குறுக்கே வைத்து எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று சொல்லுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுங்கள்.

குரோம்பேட்டை கலாய்

எதற்கு இவ்வளவு கஷ்டம், ஃபோர்க்கையும் பக்கெட்டையும் சேர்த்தே வெல்டிங் பண்ணிவிடுங்கள் ப்ரோ, முள்கரண்டியும் ஸ்பூனும் ஒரே கைப்பிடியில் வருமே அது மாதிரி.

எண்ணூர் பழைய ஆப்பரேட்டர்

கலாய் தம்பி, சிரித்தேன். ஆனால் இதைச் செய்துவைத்த ஒரு ஆளை எனக்கே தெரியும், அதனால் இந்த யோசனையை இங்கே சத்தமாகச் சொல்லவேண்டாம்.

டெப்போ தம்பி, லேத்காரர் சொன்னது சரி. நான் 22 வருஷம் லோடர் ஓட்டியவன், பாதி நாள் துறைமுகம் பக்கத்து யார்டுகளில். மாட்டுகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால்வாசி பேர் மாட்டும்போதே தப்பு செய்துவிட்டு அப்புறம் பின்னைக் குறை சொல்வார்கள்.

ஹேண்டில் இரண்டும் மேலே, அதாவது திறந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஃபோர்க் பக்கம் போகவே வேண்டும். பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது போய் இடித்தால் பின் நுனி வளையும், ஒரு முறை வளைந்துவிட்டால் அந்தப் பின் அதற்கப்புறம் ஒழுங்காக இறங்கவே இறங்காது. நேராகப் போகவேண்டும், கோணலாகப் போய் ஒரு மூலையை மாட்டிவிட்டு மறு மூலையை ஸ்டியரிங்கால் இழுத்துச் சேர்க்கிற வித்தை எல்லாம் வேண்டாம். பிளேட்டை முன்னால் கொஞ்சம் சாய்த்து, தாழ்த்தி, அதன் மேல் விளிம்பை ஃபிரேமின் மேல் உதட்டுக்கு அடியில் கொடுத்து, மெதுவாகத் தூக்கினால் இரண்டு மூலையும் ஒரே நேரத்தில் உட்காரும். ஒன்று உட்கார்ந்து மற்றது உட்காராவிட்டால் இறக்கிவிட்டு மறுபடி போ, வெட்கப்படாதே. உட்கார்ந்ததும் தரையை விட்டுக் கொஞ்சம் எடுத்து, பிளேட்டைப் பின்னால் சாய்த்தால் ஃபிரேம் தன் எடையிலேயே வந்து படிந்து 'தொம்' என்று ஒரு கனமான சத்தம் கொடுக்கும். 'கரக்' என்று சத்தம் வந்தால் நடுவில் கல்லோ மண்ணோ இருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் இரைச்சலில்கூட இந்த வித்தியாசம் காதுக்குப் பழகிவிடும்.

அப்புறம் கைப் பிரேக், நியூட்ரல், இன்ஜின் ஆஃப், இறங்கி ஹேண்டில் இரண்டையும் அழுத்து, குனிந்து பின் நுனியைப் பார். சீட்டில் உட்கார்ந்துகொண்டு "டேய், லாக் விழுந்திடுச்சா?" என்று பையனிடம் கேட்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அவன் ஹேண்டிலைப் பார்த்துவிட்டு "விழுந்திடுச்சு அண்ணே" என்பான்.

கண்ணால் பார்த்தபின் ஒரு சோதனை. சுமை இல்லாமல், முன்னால் யாரும் நிற்காமல், ஃபோர்க் நுனியை (பக்கெட் என்றால் வெட்டு விளிம்பை) கீழே சாய்த்துத் தரையில் ஊன்றி, டிராக்டரின் முன் சக்கரம் லேசாகும் வரை அழுத்து. உன் ஷெட்டில் தெரியாமல் நடந்ததை நாமே தெரிந்து நடத்திப் பார்ப்பதுதான் இது. திறப்பதாக இருந்தால் அங்கேயே, காலியாக, தரையோடு திறந்துவிடும். அரை நிமிஷ வேலை. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் செய்யவேண்டும், காலையில் மாட்டியது சாயங்காலமும் இருக்கும் என்று விடக்கூடாது.

இன்னொன்று. பின் இறங்காவிட்டால் விரலை விட்டுத் துளையைத் தடவிப் பார்க்காதே, பையனையும் விடாதே. ஒரு யார்டில் ஹெல்பர் ஒருவன் துளையில் இருந்த ஜல்லியை விரலால் தோண்டிக்கொண்டிருந்தபோது ஓட்டியவர் பிளேட்டைச் சாய்க்கிற டில்ட் லீவரைத் தொட்டுவிட்டார். நகத்தோடு ஒரு கணு போனது. கம்பி வைத்துக் குத்து, அதுவும் இன்ஜின் அணைந்திருக்கும்போது.

செங்குன்றம் டெப்போ

அண்ணே, லேத் சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்றைக்குக் காலையில் கடை திறக்கும் முன்பே பார்த்துவிட்டேன்.

வலது பின் நுனி துளையைத் தாண்டி ஒரு இஞ்ச் அளவுக்கு வெளியே தெரிகிறது. இடது பின் துளையில் இல்லை. துளைக்குப் பின்னால் தகட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு இறங்கி நிற்கிறது. அதன் ஒரு பக்கம் மட்டும் புது எவர்சில்வர் மாதிரி பளபளவென்று தேய்ந்திருக்கிறது, அந்த ஓரத்திலும் பெயிண்ட் போய் அதே பளபளப்பு, ஆனால் துளையின் உள்பக்கத்தில் பட்டறையில் அடித்த கறுப்பு பெயிண்ட் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்ததும்தான் தலை சுற்றியது. நான்கு மாதத்தில் அந்தத் துளைக்குள் பின் ஒரு நாள் கூட ஒழுங்காகப் போனதில்லை போலிருக்கிறது.

ஃபிரேமைக் கழற்றி ஆங்கிள் வைத்துப் பார்த்ததில் இடது கீழ் மூலையில் 6 மில்லி வெளிச்சம் தெரிகிறது, மற்ற மூன்று மூலையும் சரி. குறுக்களவு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பெரிய கூத்து அந்த மூலையில்தான் இருந்தது. எம் சாண்ட் தூள் மழையில் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, அடை மாதிரி படிந்திருந்தது. உளி வைத்து அடித்துத்தான் எடுத்தேன், கையில் வந்த துண்டு ஒரு விரல் கனம், தகட்டில் இருந்த வெல்டிங் கோடு அதில் அச்சாகப் பதிந்திருந்தது. இதெல்லாம் நடுவில் இருந்தால் எப்படி ஒட்டும்.

இனி என்ன செய்வது? அந்தத் தகட்டைச் சுத்தியலால் அடித்து நேராக்கலாமா, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாமா? பட்டறைக்காரர் "துளையை இழுத்துவிட்டால் போதும்" என்கிறார்.

வடசென்னை லேத்

துளையைத் தொடவே தொடாதீர்கள். ஆப்பு இறுகுவது துளையின் ஓரத்தில்தான். அதை இழுத்துப் பெரிதாக்கினால் பின் போகும், ஆனால் இறுகாது, ஆடும், ஆடினால் தேயும், மூன்று மாதத்தில் திரும்ப இங்கேயே வந்து எழுதுவீர்கள்.

6 மில்லி விலகல் வெல்டிங் சூட்டில் வந்தது. ஒரு பக்கத்திலிருந்து நீளமாக ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் ஆறும்போது தகடு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், கடைசியாக ஓட்டிய மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். பட்டறைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை, கேட், கிரில் செய்கிறவர்களுக்கு 6 மில்லி ஒரு விஷயமே இல்லை, இந்த வேலைக்கு அது விஷயம்.

என்னிடம் வந்திருந்தால் இப்படித்தான் செய்வேன். இடது கீழ்த் தகட்டை மட்டும் கிரைண்டரில் வெட்டி எடுத்து, உங்கள் குயிக் அட்டாச் பிளேட்டையே ஜிக்காக (அளவு மாறாமல் பிடித்துவைக்கிற சட்டமாக) வைத்துக்கொள்வேன். அதாவது பிளேட்டை டிராக்டரிலிருந்து கழற்றித் தரையில் படுக்கவைத்து, ஃபிரேமை அதன் மேல் உட்காரவைத்து, பின்னைத் துளைக்குள் இறக்கி, கிளாம்ப் போட்டு, அந்த நிலையிலேயே தகட்டைப் புள்ளி புள்ளியாக டேக் வைப்பேன். அப்புறம் இடம் ஒரு இஞ்ச், வலம் ஒரு இஞ்ச் என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டவேண்டும். வெல்டிங் ராடு 7018, காய வைத்தது. 6013 ராடு வைத்துச் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இது தலைக்கு மேல் தூக்குகிற சாமான். முழுசாக ஆறியபின்தான் கிளாம்பை எடுக்கவேண்டும், அவசரப்பட்டால் பழைய கதைதான்.

பிளேட்டைக் கழற்ற முடியாமல் டிராக்டரில் வைத்தே வெல்டிங் செய்தால் பேட்டரி டெர்மினலையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்கிற துண்டிலேயே, பக்கத்திலேயே மாட்டவேண்டும். பின் சக்கரத்தில் எங்கோ மாட்டினால் கரண்ட் லோடரின் மூட்டுகளில் இருக்கிற பின், புஷ் வழியாக ஓடி அங்கே பொட்டு பொட்டாகத் தின்றுவிடும்.

பின்னையும் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்கிறீர்கள், கழற்றி வலது பின்னோடு ஒப்பிட்டு, வித்தியாசம் நிறைய இருந்தால் புதிதாகக் கடைந்து போடுவது நல்லது. ஈஎன்8 ரக ஸ்டீல் போதும், ஈஎன்24 கிடைத்தால் இன்னும் நல்லது. சாதா மைல்டு ஸ்டீல் ராடில் கடைந்தால் நாலு அடியிலேயே நுனி காளான் மாதிரி விரிந்து, மாட்டும், ஆனால் கழற்ற முடியாது. அம்பத்தூர், பாடி பக்கம் எந்த லேத்திலும் ஈஎன்8 என்று சொன்னாலே புரியும். ஆப்பின் சரிவை மட்டும் பழைய பின்னை மாதிரியாகக் கொடுத்து அப்படியே எடுக்கச் சொல்லுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

படப்பை பண்ணை

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்களிடம் 40 மாடு, சாணம் அள்ள, வைக்கோல் கட்டு தூக்க என்று லோடர். எங்களுடையது யூரோ ஹிட்ச் என்று சொல்கிற வகை, கருவியில் இருக்கிற கொக்கி பிளேட்டின் மேல் கம்பியில் உட்காரும், கீழே வளையத்துக்குள் பக்கவாட்டில் பின் ஓடும். ஹேண்டிலை இழுத்துக் கொக்கி போட்டுவிட்டால், கருவியைப் பின்னால் சாய்க்கும்போது அதுவே விடுபட்டு 'சடக்' என்று ஸ்பிரிங்கில் பின் ஓடிவிடும். இறங்கவே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்களுக்கும் ஒரு முறை இடது வளையத்தில் வைக்கோல் திணிந்து பின் பாதியில் நின்றுவிட்டது, சத்தம் மட்டும் வந்தது. கிராபிளோடு (கவ்வி அள்ளுகிற கருவி) சாணக் குவியலில் குத்தியதும் ஒரு பக்கம் கழன்றது. அதிலிருந்து ஆட்டோமேட்டிக் என்றாலும் இறங்கித்தான் பார்க்கிறோம். அதனால் வகை மாறினாலும் தொல்லை ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை: கருவி வாங்கும்போது 'குயிக் அட்டாச்' என்று மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள். ஸ்கிட் ஸ்டியர் வகைக்கு ஐஎஸ்ஓ 24410 என்று அளவு இருக்கிறது, யூரோவுக்கு வேறு. ஒன்றுக்கு ஒன்று சேராது. நான் ஒரு பக்கெட் வாங்கி, சேராமல், பாதி விலைக்குத் தள்ளினேன்.

அப்படியே என் சந்தேகம் ஒன்று. கிராபிளின் ஹைட்ராலிக் ஹோஸ் காலையில் சுலபமாக மாட்டுகிறது. மத்தியானம் வெயிலில் கிடந்தபின் எவ்வளவு தள்ளினாலும் கப்ளிங் (ஹோஸின் இணைப்பு முனை) உள்ளே போக மாட்டேன் என்கிறது. ஆள் கப்ளிங் நுனியைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி எண்ணெயைப் பீய்ச்சவிட்டு மாட்டுகிறான். பரவாயில்லையா?

எண்ணூர் பழைய ஆப்பரேட்டர்

பரவாயில்லையா என்று கேட்கிறீர்களே, அந்த ஆளை முதலில் நிறுத்துங்கள். கழற்றிப்போட்ட ஹோஸுக்குள் எண்ணெய் அடைபட்டுக் கிடக்கிறது, நம் ஊர் சித்திரை வெயிலில் ஹோஸைக் கையால் தொடவே முடியாது, எண்ணெய் விரிந்து போக இடமில்லாமல் அழுத்தமாக நிற்கும். கப்ளிங் உள்ளே போகாததற்கு அதுதான் காரணம். சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கிற வால்வு நசுங்கும், அப்புறம் ஆயுசுக்கும் கசியும். அதைவிட, பீய்ச்சுகிற எண்ணெய் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்த்தால் கொசு கடித்த புள்ளி அளவுதான் இருக்கும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகி விரலை எடுக்கவேண்டிய நிலைக்குப் போகும். அப்படி ஆகிவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு உட்காராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சென்னையில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கசிவைத் தேடும்போதும் கையால் தடவக்கூடாது, அட்டையைக் காட்டிப் பார்க்கவேண்டும்.

சரி, செய்யவேண்டியது: கழற்றும்போதே கிராபிளைத் தரையில் மூடிய நிலையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, ஹைட்ராலிக் லீவரை இரண்டு பக்கமும் நான்கைந்து தடவை ஆட்டுங்கள், அழுத்தம் டிராக்டர் டேங்குக்குள் இறங்கிவிடும், அப்புறம் கப்ளிங்கை எடுங்கள். மூடி போட்டு, நிழலில் வையுங்கள். மறந்துபோய் வெயிலில் கிடந்தால் ஈரச் சாக்கு போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் பல நேரம் போய்விடும். மாட்டும் முன் இரண்டு முனையையும் சுத்தமான துணியால் துடைக்கவேண்டும், அதில் ஒட்டியிருக்கிற சாணம் நேராகப் பம்புக்குத்தான் போகும்.

மாதவரம் மணி

நான் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆள் ஒவ்வொரு முறையும் ஃபோர்க் ஃபிரேமையும் பிளேட்டையும் சேர்த்து ஒரு சங்கிலி போட்டுக் கட்டிவிடுவான். லாக் போனாலும் சங்கிலி பிடிக்குமே, டெப்போ நண்பர் அதையே செய்யலாமே?

வடசென்னை லேத்

மணி, சங்கிலியில் கொஞ்சம் தொய்வு இருந்தே தீரும். பின் போனால் ஃபிரேம் அந்தத் தொய்வு அளவுக்குத் திறந்து, சங்கிலியில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கமாக ஆடும், சுமை ஏற்கெனவே சரிந்திருக்கும். சங்கிலி காப்பாற்றுவது ஃபிரேமைத்தான், கீழே நிற்கிற ஆளை இல்லை. அதோடு, சங்கிலி இருக்கிறதே என்று யாரும் குனிந்து பின்னைப் பார்க்கமாட்டார்கள், அதுதான் எனக்குப் பயம்.

செலவழிக்கத் தயார் என்றால் ஹேண்டிலுக்கு ஒரு சின்ன துளை போட்டு லின்ச் பின் (வளையத்தோடு வருகிற பூட்டு ஊசி) மாட்டுங்கள், 20, 30 ரூபாய் சாமான். குப்பை, கம்பி பட்டு ஹேண்டில் தானாகத் தூக்கிக்கொள்ளாமல் இருக்க அது உதவும், அவ்வளவுதான். ஆப்பு துளையில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

எண்ணூர் பழைய ஆப்பரேட்டர்

லேத்காரர் சொன்னதில் எனக்கு ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை, முன்னால் ஒரு பதிவில் இல்லை, போனில் சொன்னார், இங்கேயும் எழுதிவிடுகிறேன்: ஆப்புக்கு நிறைய கிரீஸ் வைக்கவேண்டும் என்கிறார். மணல் யார்டில் அது வேலைக்கு ஆகாது. கிரீஸில் எம் சாண்ட் ஒட்டினால் அரம் மாதிரி அறுத்துத் தள்ளும். ஹேண்டில் திரும்புகிற மூட்டுக்கு கிரீஸ் வை, ஆப்பின் சரிவுப் பக்கத்தைத் துணியால் துடைத்து எண்ணெய் பூச்சோடு விடு. எண்ணூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் கிரீஸ் வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்தில் துருப்பிடித்து இறுகிவிடும், ஆனால் அங்கே அடிக்கடி துடைத்துப் புதிதாக வைப்போம்.

தம்பி, ஃபோர்க்கை நிறுத்துகிற இடத்தையும் மாற்று. மண்ணில் போட்டால் சாய்ந்து, பாதி புதைந்து, மாட்டப் போகும்போது கோணலாக நிற்கும். பழைய மரக்கட்டை இரண்டை மட்டமாகப் போட்டு அதன் மேல் வை, பின்பக்கம் சுவரைப் பார்க்காமல் டிராக்டர் வருகிற வழியைப் பார்க்கட்டும். அப்புறம், 600 கிலோ முன்னால் தூக்குகிறாயே, பின்னால் எடை கட்டியிருக்கிறாயா? இல்லாவிட்டால் பின் சக்கரம் லேசாகும், அந்த டிராக்டரின் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. சுமையோடு போகும்போது முழங்காலுக்கு மேல் தூக்காதே.

செங்குன்றம் டெப்போ

எல்லாவற்றையும் செய்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன், அதனால்தான் 10 நாள் ஆகிவிட்டது.

இடது தகட்டை வெட்டி, லேத் சார் சொன்னபடி பிளேட்டையே ஜிக்காக வைத்து ஒட்டினோம். பழைய பட்டறைக்குப் போகவில்லை, பாடியில் ஒரு இடம். அங்கே மேஸ்திரி ஒரு மதியம் முழுக்க ஒரு இஞ்ச் ஓட்டுவார், டீ குடிப்பார், தொட்டுப் பார்ப்பார், மறுபடி ஒரு இஞ்ச். எனக்குப் பொறுமை போய்விட்டது, ஆனால் ஆங்கிள் வைத்துப் பார்த்தபோது ஒரு மில்லி கூட வெளிச்சம் இல்லை. பின் இரண்டையும் ஈஎன்8-ல் புதிதாகக் கடைந்தாயிற்று. பின்னால் கான்கிரீட் பிளாக் ஒன்று ஊற்றி மாட்டினோம், டிராக்டர் ஷெட் திருப்பத்தில் இப்போது அடக்கமாகத் திரும்புகிறது, இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நான் ஒன்று சேர்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட் மீதி இருந்தது, அதை இரண்டு பின்னின் நுனியில் மட்டும் ஒரு இஞ்ச் அளவுக்கு அடித்துவிட்டேன். இப்போது குனிந்தால் போதும், கறுப்புத் தகட்டுக்குக் கீழே இரண்டு மஞ்சள் பொட்டு தெரியவேண்டும். ஹேண்டில் பற்றி யாரும் பேசுவதில்லை, பையன்கூட "ரெண்டு மஞ்சளும் தெரியுது அண்ணே" என்றுதான் சொல்கிறான், நானும் இறங்கிப் பார்க்கிறேன். நுனியை ஊன்றி அழுத்துகிற சோதனையை முதல் நாள் அப்பா முன்னால் செய்தேன். முன் சக்கரம் தூக்கியது, ஃபிரேம் அசையவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே குனிந்து பார்த்துவிட்டு, "அந்த வலது பக்கத்து மஞ்சள் கொஞ்சம் கம்மியா தெரியுதே" என்றார். பார்த்தால் அங்கே ஒரு ஜல்லி இருந்தது.